பாதி மெழுகுவர்த்திகள்

இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள் தங்கச்சி, அங்கே வெயில் அடிக்கும். வள்ளியூர் தாண்டினால் வெயில் மறுபக்கம் போய்விடும். இந்தப் பாதையில் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். ஆனாலும் தெரியும்.

மலையடிவார நிறுத்தத்தில்தானே இறங்குகிறீர்கள்? மடியில் பைபிள், காலடியில் போர்வை வைத்த பை, முகத்தில் இந்தக் கவலை. வேறு எங்கே போவீர்கள்? தியான இல்லத்துக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறவர்கள் மாதிரிதான் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் போனேன். உங்களை யார் அனுப்பினார்கள்? சரி, சொல்ல வேண்டாம். என்னை அனுப்பியவரைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆனால் முதலிலேயே ஒன்று. நான் இன்று தியானத்துக்குப் போகவில்லை. அங்கே சிஸ்டர் கொர்னேலியா என்று ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பையில் இருப்பது மாற்றுச் சேலை. மழை வந்தால் என்று எடுத்து வைத்தது.

என் பெயர் பெர்பெத்து. திசையன்விளைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் கோயிலில் யாரைக் கேட்டாலும் என்னைத் தெரியும். பாடகர் குழுவில் நான், மரியாயின் சேனையில் நான், மறைக்கல்விக்கு டீச்சர் வராவிட்டால் அங்கேயும் நான். பீடத்துணி யார் துவைப்பது என்று கேட்டால் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை என் வீட்டைத்தான் கை காட்டுவார். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான் என்றாலும் என்ன, செய்கிறவள் சொல்லக்கூடாதா? என் வீட்டுக்காரர் சொல்வார், “இவ மோட்சத்துக்குப் போனாலும் உள்ள போகமாட்டா. வாசல்ல நின்னு வர்றவங்க செருப்பை அடுக்கிக்கிட்டு இருப்பா.” கிண்டலாகச் சொல்கிறாராம். நான் கேட்கிறேன், செருப்பை யாராவது அடுக்க வேண்டாமா?

இதெல்லாம் சில்லறை வேலை. என் வேலை என்றால் அசனம். உங்கள் ஊரில் உண்டா? திருவிழாவின் கடைசி நாள், பெரிய பூசை முடிந்ததும் ஊருக்கே ஒரே சாப்பாடு. எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வர வேண்டும். கிறிஸ்தவர்கள் என்று இல்லை, அம்மன் கோயில் தெருவிலிருந்தும் வரும், கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடக்கத்திக்காரர்களும் ஒரு பிடி கொண்டுவந்து போடுவார்கள். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி. அத்தனையும் ஒரே அண்டாவில். ஒன்று குழைந்துபோகும், பக்கத்தில் ஒன்று வேகாமல் நிற்கும். நன்றாக இருக்குமா என்றால் இருக்காது. நன்றாக இருக்கும் என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைத் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டால்தான் எங்களுக்குத் திருவிழா முடிந்ததாகக் கணக்கு. அந்த அரிசியை ஒன்றாகக் கலக்குவதும், பந்தியில் ஆட்களை உட்கார வைப்பதும், முதல் கரண்டி போடுவதும் என் வேலை. எனக்கு முன்னால் என் மாமியார் செய்தார். அவர் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து நான்.

போன வருடம் எங்கள் ஊருக்குப் பங்குச்சாமியாராக ஃபாதர் அமலதாசன் வந்தார். நல்லவர். கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லமாட்டேன். வெளிநாட்டில் படித்தவர். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு வாக்கியத்தை முடிக்கமாட்டார், அவ்வளவுதான். திருவிழாவுக்குக் கொடியேறச் சில வாரங்கள் இருக்கும்போது என்னை அறைவீட்டுக்கு, அதுதான் சாமியார் தங்குகிற வீட்டுக்கு, கூப்பிட்டார்.

“அம்மா, நீங்க ரொம்ப ஓடுறீங்க. உங்க ஆன்மா மூச்சு வாங்குது. ஒரு வாரம் எல்லாத்தையும் விட்டுட்டுத் தியான இல்லத்துக்குப் போயிட்டு வாங்க. அங்க நல்ல ஆன்ம வழிகாட்டி ஒருத்தங்க இருக்காங்க. மெதுவா இருக்கக் கத்துக்கோங்க.”

என் ஆன்மா மூச்சு வாங்கியது அவருக்கு எப்படிக் கேட்டது? எனக்குக் கேட்கவில்லையே.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். எப்படி இருக்கிறாய் என்று என்னை யார் கேட்டிருக்கிறார்கள்? “அக்கா, கரண்டி எங்க?” என்று கேட்பார்கள். “அக்கா, சாவி யார்ட்ட?” என்று கேட்பார்கள். அதனால் போனேன். ஏமாந்து போனேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அங்கே போனதும் முதலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிரிக்காதீர்கள், உங்களுடையதையும் வாங்குவார்கள். பேசக்கூடாது. சாப்பிடும்போதும் பேசக்கூடாது. எனக்கு அது பெரிதில்லை. வேலை செய்யவும் கூடாதாம். அன்று சாயங்காலமே நான் சமையல்கட்டுக்குள் போய், கிடந்த பாத்திரத்தை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். அங்கே சமைக்கிற அம்மா சிஸ்டரிடம் போய் அழாத குறையாகச் சொன்னாளாம், “புதுசா வந்தவங்க என் வேலைக்கு உலை வைக்கப் பாக்காங்க.”

சிஸ்டர் கொர்னேலியா என்னைக் கூப்பிட்டார். ஒல்லியாக, குள்ளமாக இருப்பார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தார். ஒரு சாண் நீளம் இருக்கும்.

“சிற்றாலயத்துல போய் இதை ஏத்தி வச்சுட்டு உட்காருங்க. அணையுற வரைக்கும் எந்திரிக்க வேண்டாம். அது போதும்.”

“எந்திரிக்காம என்ன செய்யணும் சிஸ்டர்?”

“அதான் சொன்னேனே.”

உட்காருவதற்கு வேதத்திலிருந்து ஒரு பகுதியும் கொடுத்தார். எனக்கு அப்போது ஒரு பயம் இருந்தது. மார்த்தாவின் கதையைத்தான் கொடுப்பார் என்று. வீட்டுக்கு வந்த ஆண்டவருக்கு அடுப்படியில் நின்று சமைத்துவிட்டு, கடைசியில் பேச்சும் வாங்கிக்கொண்டாளே, அந்தப் பாவப்பட்டவள். என்னைப் பார்க்கிற சாமியார்கள் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். இவரும் எடுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என்றிருந்தேன். அவர் எடுக்கவில்லை. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்து ஆண்டவர் கூட்டத்துக்கே சாப்பாடு போட்ட இடத்தைக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம். இது நம் இலாகா.

“அந்தக் கூட்டத்துக்குள்ள போங்க,” என்றார். “புல்தரை, வெயில், சனங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு பாருங்க. நாளைக்கு வந்து சொல்லுங்க.”

அறைக்குப் போய் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன். ஒரு ஆள் சும்மா உட்காருவதற்கு இவ்வளவு மெழுகா? எங்கள் கோயிலில் ஒழுகின மெழுகைக்கூடச் சுரண்டி உருக்கி வைப்போம். பழம் நறுக்குகிற கத்தியால் அதை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியைச் சேலைக்கடியில் வைத்தேன். மறுபாதி அணைகிறவரை உட்கார்ந்தேன். அணையும்வரை என்றுதானே சொன்னார்? அணைந்தது.

மறுநாள் போய்ச் சொன்னேன், “சிஸ்டர், நான் அப்போஸ்தலர்களோட நிக்கேன். கூடையை வாங்கி வாங்கிக் கொடுக்கேன். வரிசை கலையாமப் பாத்துக்கிடுதேன்.”

“சாப்பிட்டீங்களா?”

“எங்க?”

“அங்கதான். புல்தரையில.”

“பரிமாறுறவ எப்பிடிச் சிஸ்டர் சாப்பிடுவா?”

சரி என்றார். இன்னொரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தார். அதே இடத்தையே மறுபடியும் பார்க்கச் சொன்னார். அதையும் வெட்டினேன். அடுத்த நாள் போனால் அதே கேள்வி. சாப்பிட்டீங்களா? அதற்கடுத்த நாளும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேசக்கூடாத இடம் என்றும் பார்க்கவில்லை, கத்திவிட்டேன். “எங்க ஊர்ல பரிமாறுறவ கடைசியிலதான் சாப்பிடுவா சிஸ்டர். அதான் மரியாதை.”

அவர் வழக்கம்போலக் கிணற்றிலிருந்து இறைத்து எடுக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். “கடைசியில… எங்க உட்கார்ந்து சாப்பிடுவீங்க?”

உட்காருவதாவது. அண்டா கழுவ ஆட்கள் நிற்பார்கள். அடியில் பிடித்ததைச் சுரண்டி ஒரு கிண்ணத்தில் போட்டு, நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். சில வருடம் அதுவும் இருக்காது. வீட்டுக்கு வந்து பழையதைச் சாப்பிடுவேன்.

“அப்ப நீங்க அசனத்துப் பந்தியில உட்கார்ந்ததே இல்லையா?”

இதெல்லாம் ஒரு கேள்வியா தங்கச்சி? ஊர்ச் சோற்றை உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? எழுந்து வந்துவிட்டேன். அன்று மெழுகுவர்த்தியை வெட்டவில்லை. கத்தி மொட்டையாகிவிட்டது, அதனால்தான். அது முழுதாக எரிய எவ்வளவோ நேரமானது. நான் எழுந்திருக்கவில்லை. வெளியே மழை பெய்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை. தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். உட்கார்ந்தபடியே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறவர்கள் உண்டு.

கிளம்புகிற அன்று சிஸ்டர் வாசல்வரை வந்தார். “பையில இருக்கிற பாதியெல்லாம் உங்களோடதுதான். வீட்டுல போய் எரிங்க,” என்றார். எனக்கு மானம் போய்விட்டது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது அந்த அம்மாவுக்கு. தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைப் பற்றியும் இன்று கேட்க வேண்டும்.

ஊரில் வந்து இறங்குகிறேன், பஸ் நிறுத்தத்திலேயே ஞானசௌந்தரி நிற்கிறாள். என்னோடு அண்டா பிடிக்கிறவள்.

“ஏக்கா, நீங்க அங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க, இங்க எல்லாம் முடிஞ்சு போச்சு. அசனத்தைக் கேட்டரிங்காரங்கட்ட கொடுத்தாச்சு. பிடியரிசி வேண்டாமாம். பந்தியும் கிடையாதாம். மேசை போட்டு, தட்டை ஆளாளுக்குக் கையில கொடுத்து, நின்னுக்கிட்டே திங்கணுமாம்.”

நான் நேராக அறைவீட்டுக்குப் போனேன். கையில் பையோடு போனேன்.

“ஃபாதர், ஊரு நின்னுக்கிட்டா சாப்பிடணும்?”

“வாங்கம்மா, தியானம் எப்படி இருந்தது? பாருங்க, பந்தி போட்டா சாயங்காலம் ஆயிடுது. பஃபேன்னா சீக்கிரம் முடிஞ்சிரும். உங்களுக்கும் சிரமம் இல்ல. இனிமே நீங்க ஓட வேண்டாம். நிம்மதியா உட்காருங்க.”

புரிகிறதா? என்னை ஒருத்தியை மெதுவாக இருக்கச் சொல்லி மலைக்கு அனுப்பிவிட்டு, ஊர் முழுவதையும் சீக்கிரம் தின்றுவிட்டுப் போ என்கிறார். என் ஆன்மா மூச்சு வாங்கியதாம்! நான் ஒன்றும் சண்டை போடவில்லை. “சரி ஃபாதர், உட்காருதேன்,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உட்கார்ந்தேன். கோயிலுக்குப் பக்கத்தில் நற்கருணைச் சிற்றாலயம் இருக்கிறது. அதற்கும் அறைவீட்டுக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். தினமும் ஃபாதர் காப்பி குடிக்கிற நேரத்துக்குப் போய், அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, பாதி மெழுகுவர்த்தியில் வெட்டிய ஒரு சின்னத் துண்டை ஏற்றி வைத்துவிட்டு உட்காருவேன். கொடியேற்றத்தன்று பாடகர் குழு காத்திருந்தது, நான் உட்கார்ந்திருந்தேன். சப்பரம் ஜோடிக்கப் பூ வந்தது, நான் உட்கார்ந்திருந்தேன். “அக்கா, சாவி யார்ட்ட?” என்று வந்தார்கள். மெழுகுவர்த்தியைக் கை காட்டினேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “உண்ணாவிரதமா, சாமி கும்பிடுதியா?” என்று கேட்டார். போராட்டம்தான். வேறென்ன? வீட்டில் கோழி கூப்பிடும் முன்பே எழுந்து வேலையை முடித்து, எப்போது அந்த நேரம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போராட்டம் என்றால் அப்படித்தான், ஒரு நாள்கூட விடக்கூடாது. ஃபாதர் ஊரில் இல்லாத அன்றைக்கும் போய் உட்கார்ந்தேன்.

யாரையும் நான் தூண்டிவிடவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஞானசௌந்தரியிடம் மட்டும் ஒரு வார்த்தை, “நிக்கிறவங்களுக்கு நான் சோறு போடமாட்டேன்,” என்றேன். ஞானசௌந்தரியிடம் சொன்னால் ஊருக்குச் சொன்னதாகிவிடுமா?

அசனத்தன்று பூசை முடிந்தது. மேசையெல்லாம் வெள்ளைத் துணி விரித்து, சோறு ஆவி பறக்கத் தயாராக இருந்ததாம். நான் பார்க்கவில்லை. பையில் கடைசியாக இருந்த பாதியை ஏற்றிவிட்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே பெண்கள் எப்போதும்போல ஆளுக்கொரு பாத்திரத்தில் பிடியரிசியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கேட்டரிங்காரர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இது அரிசியாம்மா, கோழித்தீவனமா? இதை எப்படி வேக வைப்பேன்?” என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதரையும் குறை சொல்ல முடியாது. பெண்கள் பாத்திரத்தை இழுத்துக்கொண்டார்களாம். பந்தல் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், மடியில் அரிசியோடு. உட்கார்ந்திருக்கிற பெண்களைத் தாண்டிப் போய்த் தட்டெடுக்க எந்த ஆம்பிளைக்குத் தைரியம் வரும்?

முதலில் கோயில்பிள்ளை வந்து கூப்பிட்டார். அடுத்துப் பங்குப்பேரவைச் செயலர் ராயப்பன் வந்தார். “பெர்பெத்து, விளையாடாத. மறைமாவட்டத்துலேருந்து பெரிய சாமியார் சாப்பிட வந்துக்கிட்டு இருக்கார்.” நான் மெழுகுவர்த்தியைக் கை காட்டினேன்.

அப்புறம் ஃபாதரே வந்தார். பூசை அங்கியைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

“அம்மா, வெளிய பெண்களெல்லாம் உட்கார்ந்துட்டாங்க.”

“உட்காரட்டும் ஃபாதர். உட்காருறது ஆன்மாவுக்கு நல்லது.”

“கிண்டல் பண்றீங்களா?”

“நற்கருணைக்கு முன்னால வச்சா கிண்டல் பண்ணுவேன்?”

கையைத் தூக்கி மணி பார்த்தார். பார்த்துவிட்டு இறக்கினார். “நான் என்ன செய்யணும், சொல்லுங்க,” என்றார்.

இந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் நான் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தேன். அதற்கு என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்று அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய முகம், நான் முதல் நாள் மலையில் போய் இறங்கியபோது எப்படி இருந்திருப்பேனோ, அப்படி இருந்தது. மெழுகுவர்த்தி இன்னும் இரண்டு விரற்கடை நின்று எரிந்தது.

“இது அணையுற வரைக்கும் யாராவது உட்காரணும் ஃபாதர். நான் பாதியில எந்திரிக்கிறவ இல்ல. நீங்க உட்காருங்க. நான் போய்ச் சோத்தைப் பாக்கேன்.”

“இப்பவா? பெரிய ஃபாதர் வர்ற நேரம், எனக்கு ஆயிரம் வேலை…”

“உங்க ஆன்மா மூச்சு வாங்குறது இங்க வரைக்கும் கேக்கு ஃபாதர்.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு உட்கார்ந்தார். நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில்.

நான் வெளியே போய் முதலில் மேசைத் துணிகளை உருவினேன். அதைத் தரையில் விரிக்கச் சொன்னேன். வாழை இலைக்கு ஆள் அனுப்பினேன். கேட்டரிங்காரரிடம், “அண்ணாச்சி, உங்க சோறும் வேணும், எங்க சோறும் வேணும். ரெண்டும் ஒரே இலையில. ஒரு அடுப்பு மட்டும் கொடுங்க,” என்றேன். தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் கொடுத்தார். தீயையும் அவரே தள்ளினார். பிடியரிசி வேகிறவரை ஊரே தரையில் உட்கார்ந்து காத்திருந்தது. மறைமாவட்டத்துப் பெரிய சாமியார் வந்தார், அவரையும் உட்கார வைத்தோம். பிள்ளைகள் பசியில் கத்தின. அதற்கு முன் என் வாழ்நாளில் ஒருத்தரையும் நான் இலைக்கு முன்னால் காக்க வைத்ததில்லை. அன்று வைத்தேன்.

முதல் கரண்டியைப் போட எடுத்தேன். என்ன நினைத்தேனோ, கரண்டியை ஞானசௌந்தரி கையில் கொடுத்துவிட்டு, முதல் பந்தியில் ஒரு இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பந்தியே என்னைப் பார்த்தது. ஃபாதர் பார்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன், வேறு எதற்கும் இல்லை. அவர் சிற்றாலயத்துக்குள் இருந்தார், பார்க்க முடியாது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

“ஏக்கா, உடம்புக்கு முடியலையா?” என்றாள் ஞானசௌந்தரி.

“போடுட்டி.”

போட்டாள். ஒரு பக்கம் கேட்டரிங்காரரின் சோறு, மல்லிகைப்பூ மாதிரி. இன்னொரு பக்கம் எங்களுடையது. குழைந்ததும் குழையாததுமாக, பல்லில் கடிபட்டது. நான் அத்தனை வருடம் போட்ட சோறு அப்படித்தான் இருந்திருக்கிறது, பாவம், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுடையதை இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன். அவசரப்படாமல் சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடக்கத்திக்காரர் எனக்கு முன்பே முடித்துவிட்டார். ஆனாலும் நான் முடிக்கிறவரை எழுந்திருக்காமல் இருந்தார்.

ஃபாதர் இரண்டாம் பந்தியில் வந்து உட்கார்ந்தார். மெழுகுவர்த்தி முழுதும் அணைந்த பிறகுதான் வந்தாராம், கோயில்பிள்ளை சொன்னார். அடுத்த வருடம் அசனம் எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் விட்டுக்கொடுத்ததாகிவிடும். ஆனால் இப்போது ஒரு தொந்தரவு. தினமும் அந்த நேரத்துக்கு நான் போனால், எனக்கு முன்னாலேயே வந்து என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கடிகாரம் கட்டாத கையோடு. நான் பின்னால் உட்கார வேண்டியிருக்கிறது. என் முன்னால் மெழுகுவர்த்தியும் இல்லை. கடைசிப் பாதியை அவர் எரித்துத் தீர்த்துவிட்டார் அல்லவா?

அதைக் கேட்கத்தான் போகிறேன். சிஸ்டர் கொடுத்த மெழுகுவர்த்திகளால் எனக்கு எவ்வளவு வம்பு என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் வாங்கி வர வேண்டும். இந்தத் தடவை முழுதாக. கடையில் கிடைக்காதா என்கிறீர்களா? கிடைக்கும். திசையன்விளையில் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

எழுந்திருங்கள், நிறுத்தம் வந்துவிட்டது. மெதுவாக இறங்குங்கள், டிரைவர் நிற்பார். நிற்காவிட்டால் நான் நிற்க வைக்கிறேன். சிஸ்டர் உங்களிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்பார், பார்த்துக்கொள்ளுங்கள். பை கனமாக இருக்கிறதா? நீங்களே தூக்கி வாருங்கள் தங்கச்சி. இன்று நான் யாருக்கும் எதையும் தூக்குவதாக இல்லை.

சரி, அந்தப் போர்வையை மட்டும் கொடுங்கள்.